வில்லங்கச் சான்றில் ஏறாத வில்லங்கம்: கெட்டுப்போன நிலத்தைச் சுத்தம் செய்ய அரசுக் கடன் கிடைக்குமா?

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், புதிதாகப் படிப்பவர்களுக்கும் புரியும். திருப்பூரிலிருந்து காங்கயம் போகும் வழியில், கேட்டவருக்கு மாமனார் வழியில் வந்த 2 ஏக்கர் 40 சென்ட் தோட்டம். ரோட்டோரமாக இருந்த 60 சென்ட்டை அவர் ஒரு சாயப்பட்டறைக்கு வாடகைக்கு விட்டிருந்தார். 2011-ல் எல்லாப் பட்டறைகளும் மூடியபோது அதுவும் மூடியது. குத்தகைக்காரர் மோட்டாரைக் கழற்றிக்கொண்டு போய்விட்டார். தொட்டியும், தொட்டியடியில் காய்ந்த கசடும், உப்பேறிய கிணறும் மிச்சம். "அமெரிக்காவில் இருக்கும் மச்சான், அங்கே இப்படிப்பட்ட இடத்தைச் சுத்தம் பண்ண அரசாங்கமே கடன் கொடுக்குது என்கிறார். நம்ம ஊரில் அது உண்டாண்ணா? எங்கே மனுக் கொடுக்கிறது?" இதுதான் கேள்வி.

உங்கள் மச்சான் சொன்னது உண்மை. ஆனால் நம்ம ஊரில் அந்த மாதிரி, தனியார் நிலத்தின் மண்ணைச் சுத்தம் செய்வதற்கென்றே ஒதுக்கிய பொதுக் கடன் நிதி இல்லை. மனுக் கொடுக்க ஜன்னல் இல்லை என்று இத்தோடு நிறுத்திக்கொள்ளலாம். ஆனால் தொழிற்கடன் கொடுக்கும் ஒரு நிறுவனத்தில் 26 வருஷம் மதிப்பீட்டுப் பிரிவில் இருந்தவன் நான். கடன் வந்தால் போதும், நிலம் தேறிவிடும் என்ற நினைப்பு உங்கள் கேள்வியில் இருக்கிறது. அதைத்தான் முதலில் பேச வேண்டும். உங்கள் 2 ஏக்கர் 40 சென்ட்டில் கடன் வாங்கித் தேற்றக்கூடியது ஒரு பகுதிதான். மீதிக்கு யார் கடன் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

முதலில் அந்த அமெரிக்க ஏற்பாடு. அங்கே 1980-ல் வந்த ஒரு சட்டம், நிலத்தைக் கெடுத்தவன் மட்டுமல்ல, இப்போதைய உரிமையாளரும் சுத்தம் செய்யும் செலவுக்குப் பொறுப்பு என்றது. நல்ல சட்டம்தான், ஆனால் பக்க விளைவு ஒன்று வந்தது. பழைய தொழிற்சாலை இடம் என்றாலே வாங்குபவனும் வங்கியும் விலகி ஓடினார்கள். நகரத்து நடுவில் நல்ல இடமெல்லாம் முள் முளைத்துக் கிடக்க, புதுத் தொழிற்சாலைகள் விவசாய நிலத்தைத் தேடிப் போயின. இதைச் சரிசெய்ய 2002-ல் தனிச் சட்டம் போட்டார்கள். மாசு இருக்கிறது, அல்லது இருக்குமோ என்ற சந்தேகத்தாலேயே யாரும் தொடாமல் கிடக்கும் இடங்களுக்கு அங்கே 'பிரவுன்ஃபீல்டு' என்று பெயர்.

பணம் எப்படிப் போகிறது என்பதில்தான் சூட்சுமம். அமெரிக்க மத்திய அரசின் சுற்றுச்சூழல் முகமை நேராக நில உரிமையாளருக்குக் கடன் கொடுப்பதில்லை. நகராட்சிக்கோ, மாவட்டத்துக்கோ, மாநிலத்துக்கோ ஒரு தொகையை மானியமாகக் கொடுக்கிறது. அவர்கள் அதைக் குறைந்த வட்டிக்குக் கடனாகக் கொடுக்கிறார்கள். திரும்பி வரும் பணம் அடுத்த இடத்துக்குப் போகிறது. நம்ம மகளிர் சுய உதவிக் குழுக்களில் சுழல் நிதி என்று சொல்கிறோமே, அச்சு அசல் அதுதான். குழுவில் ஒருத்தர் மாடு வாங்கிய கடனைக் கட்டி முடித்தால்தான் அடுத்தவர் தையல் மெஷின் வாங்க முடியும். அங்கே மாட்டுக்குப் பதில் மண்.

இதில் எனக்குப் பிடித்த விஷயம் இரண்டு. மண்ணையும் தண்ணீரையும் சோதித்துப் பார்க்கும் செலவுக்குத் தனியாக மானியம் உண்டு, அது கடன் இல்லை. சோதனையில் என்ன வரும் என்று தெரியாமல் எவனும் கடன் வாங்கிச் சோதிக்க மாட்டான் என்பதைச் சட்டம் எழுதியவர்கள் புரிந்து வைத்திருந்திருக்கிறார்கள். அடுத்தது, அந்த மாசுக்குச் சட்டப்படி பொறுப்பானவருக்கு இந்தக் கடன் கிடையாது. கெடுத்தவன் தன் சொந்தப் பணத்தில் சுத்தம் செய்ய வேண்டும். மலிவு வட்டி, தெரியாமல் வந்து மாட்டியவருக்கும் வாங்கி நல்ல காரியத்துக்குப் பயன்படுத்த வருபவருக்கும்தான். 2021-ல் வந்த உள்கட்டமைப்புச் சட்டத்தில் இந்த மொத்தத் திட்டத்துக்கும் 150 கோடி டாலர் ஒதுக்கினார்கள். பெரிய தொகைதான். ஆனால் ஒரு கடன்கூடத் தர்மத்துக்குக் கொடுப்பதல்ல. சுத்தமானபின் அந்த இடத்தின் விலை ஏறும், அந்த ஏற்றத்தில் கடன் திரும்பி வரும் என்ற கணக்கில் கொடுப்பது.

இந்தக் கணக்கு நம்ம பக்கம் பொருந்துமா? அங்கேதான் சிக்கல்.

நான் பணியிலிருந்தபோது நடந்த ஒன்றைச் சொல்கிறேன். திருப்பூர்ச் சாயக்கழிவு கலந்த நொய்யல் ஆற்றின் கரைக்குப் பக்கத்தில் ஒருவர் விரிவாக்கக் கடனுக்காக ஒன்றரை ஏக்கரை அடமானம் வைக்க வந்தார். மூலப்பத்திரம் சுத்தம், பட்டா சுத்தம், முப்பது வருஷ வில்லங்கச் சான்று வெள்ளைத்தாள் மாதிரி. இடத்தை நேரில் பார்க்கப் போனேன். தென்னை மரங்களுக்கு மட்டை காய்ந்து, வட்டப்பாத்தியில் சுண்ணாம்பு தெளித்த மாதிரி வெள்ளை பூத்திருந்தது. வீட்டம்மா டீ கொண்டுவந்தார். "லாரித் தண்ணியிலதானுங்க போட்டேன், பயப்படாமக் குடிங்க. போர்த் தண்ணியில போட்டாப் பாலு திரிஞ்சுருமுங்க" என்றார். ஒரு டம்ளரில் அந்தப் போர்த் தண்ணீரையும் வாங்கி நாக்கில் வைத்துப் பார்த்தேன். கடல் தண்ணீர் அளவுக்கு இல்லை, ஆனால் விழுங்க முடியவில்லை. திரும்பி வந்து அறிக்கையில் எழுதினேன். மேலதிகாரி படித்துவிட்டு, "எழுதியிருக்கீங்க சரி, இதை எந்தக் கட்டத்துல போடறது?" என்று கேட்டார். படிவத்தில் தண்ணீருக்குக் கட்டம் இல்லை. அந்த வரியை அறிக்கையிலிருந்து எடுத்துவிட்டார்கள், கடனைக் கொடுத்துவிட்டார்கள். சில வருஷம் கழித்து கணக்கு வாராக் கடனாகி, இடம் மூன்று முறை ஏலத்துக்கு வந்தது. பத்திர விலைக்குக் கேட்க ஆள் இல்லை.

வில்லங்கச் சான்றில் அடமானம் ஏறும், ஜப்தி ஏறும், பாகப்பிரிவினை ஏறும். மண்ணுக்குள் இறங்கிய சாயம் ஏறாது. கொங்கு நாட்டில் நிலத்தை நம்பிக் கடன் கொடுத்த எத்தனையோ வங்கிகள் தெரியாமலே இந்தச் சுமையையும் சேர்த்துத்தான் அடமானம் வாங்கி வைத்திருக்கின்றன.

சரி, இங்கே பொதுப் பணம் இதுவரை எதற்குப் போயிருக்கிறது? நொய்யலின் கதை உங்களுக்குத் தெரிந்ததுதான், பணம் போன வழியை மட்டும் பாருங்கள். 1992-ல் ஒரத்துப்பாளையம் அணை திறந்தது. பாசனத்துக்குக் கட்டிய அணை, சில வருஷத்திலேயே சாயத்தண்ணி தேங்கும் தொட்டியாகிவிட்டது. 1996-ல் உச்ச நீதிமன்றம் வேலூர் தோல் தொழிற்சாலை வழக்கில், மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்பது இந்த நாட்டின் சட்டம் என்றது. அந்தத் தீர்ப்பு வேலூருக்கு மட்டும் என்று பலர் நினைக்கிறார்கள். அன்றைய ஈரோடு பெரியார் மாவட்டத்துத் தோல் பட்டறைகளும் அதில் உண்டு. ஒவ்வொன்றுக்கும் 10,000 ரூபாய் அபராதம். அந்தப் பணத்தைச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு நிதி என்று தனியாக வைத்து, பாதிக்கப்பட்டவர்களுக்கும் கெட்ட இடத்தை மீட்கவும் செலவிடச் சொன்னார்கள். யோசித்துப் பார்த்தால், நிலத்தை மீட்கத் தனி நிதி என்ற விதை அங்கேயே இருந்தது. அதை யாரும் சுழல் நிதியாக வளர்க்கவில்லை.

அந்தத் தீர்ப்பையொட்டி அமைந்த சூழல் இழப்பு ஆணையம், நொய்யல் பக்கம் 28 ஆயிரத்துக்கும் மேற்பட்ட விவசாயிகளுக்கு 24 கோடி ரூபாய்க்கு மேல் இழப்பீடு நிர்ணயித்தது. தலைக்குப் பிரித்துப் பாருங்கள், பத்தாயிரத்தைத் தொடாது. பயிர் போனதற்குக் கொடுத்த பணம் அது, மண்ணைத் திருப்பித் தரும் பணம் அல்ல. 2006-ல் உயர் நீதிமன்றம் ஒரு சொட்டுக்கூட வெளியே விடக்கூடாது என்றும், அதுவரை லிட்டருக்கு 6 பைசாவில் தொடங்கி அபராதம் என்றும் சொன்னது. 2009-ல் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. 2011 ஜனவரியில் எழுநூறுக்கும் மேற்பட்ட பட்டறைகளை மூட உத்தரவு வந்தது. அதற்கப்புறம்தான் அரசுக் கடன் வந்தது, பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களுக்கு வட்டியில்லாமல் சுமார் 200 கோடி ரூபாய். இனிமேல் வரும் கழிவைத் தடுக்க அது உதவியது. அந்த நிலையங்கள் இன்று ஓடுவதில் அந்தக் கடனுக்குப் பங்கு உண்டு, அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் உங்கள் தொட்டியடிக் கசடுக்கு அதில் ஒரு ரூபாய் கிடையாது. இன்றும் மாநில, மத்திய நிதி நிறுவனங்களில் சுத்திகரிப்பு இயந்திரம் வாங்கக் கடன் கேட்டால் பேச ஆள் இருக்கும். மண்ணைத் தோண்டி எடுக்கக் கேட்டால், இயந்திரம் எங்கே, பில் எங்கே, வருமானம் எங்கே என்பார்கள். கடன் கொடுப்பவன் கண்ணில் அந்தக் கேள்வி நியாயமானதும்கூட.

மற்றொன்றையும் ஒதுக்கிவிடலாம். கோயம்புத்தூர் வெள்ளலூர் குப்பைக்கிடங்கில் பழைய குப்பையைப் பிரித்தெடுக்கும் வேலை நடக்கிறதே, அந்த வழியில் பணம் கிடைக்காதா என்று சிலர் கேட்பார்கள். அது உள்ளாட்சிக்கான பணம். தனியார் தோட்டத்துக்கு வராது.

2025 ஜூலையில் மத்திய அரசு மாசுபட்ட இடங்களை நிர்வகிக்கத் தனி விதிகள் கொண்டுவந்தது. உங்களுக்கு உண்மையில் வேலைக்காகக்கூடியது இது. மாவட்ட நிர்வாகம் ஆறு மாதத்துக்கு ஒருமுறை சந்தேகத்துக்குரிய இடங்களின் பட்டியல் கொடுக்க வேண்டும். மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 90 நாளில் முதல் ஆய்வு, அடுத்த 90 நாளில் விரிவான ஆய்வு செய்து, அபாயகரமான ரசாயனங்கள் அளவுக்கு மேல் இருந்தால் மாசுபட்ட இடம் என்று அறிவிக்க வேண்டும். யார் காரணம் என்று கண்டுபிடித்து அவரிடம் செலவை வாங்க வேண்டும். ஆளே இல்லை, அல்லது கட்ட வக்கில்லை என்றால் மத்திய, மாநில அரசுகள் செலவை ஏற்கும். பிடிமானம் இதில் இருக்கிறது. ஓட்டையும் இருக்கிறது. அறிவித்தபின் எத்தனை நாளில் சுத்தம் முடிய வேண்டும் என்று கெடு இல்லை. விதிகள் வந்த சமயத்தில் நாடு முழுக்க அடையாளம் கண்டிருந்தது 103 இடங்கள், வேலை தொடங்கியிருந்தது 7-ல். நம்ம பக்கம் நொய்யல், அமராவதி, பவானிக் கரைகளில் சைக்கிளில் ஒரு வாரம் சுற்றினால் நானே 103 தேற்றிவிடுவேன்.

இன்னொன்றும் மனதில் இருக்கட்டும். பட்டியலில் ஏறிய நிலத்தை வாங்க ஆள் தயங்குவார்கள். கோவில் மைக்கில் சொன்ன மாதிரி ஊருக்கெல்லாம் தெரிந்துவிடும். அடுத்த வருஷமே விற்கிற எண்ணம் இருந்தால் இதை யோசித்துச் செய்யுங்கள். அதற்காக மறைத்து விற்கச் சொல்லவில்லை. வாங்குபவனிடம் சொல்லாமல் விற்றால் பின்னால் வழக்கு உங்கள் தலையில்தான் விடியும்.

இப்போது உங்கள் நிலம். இதை இரண்டாகப் பிரித்துத்தான் பார்க்க வேண்டும், ஏனென்றால் கெட்ட விதமே இரண்டு.

ரோட்டோர 60 சென்ட்டில் இருப்பது தொட்டியும் கசடும். அது ஓரிடத்தில் குவிந்திருக்கிற அழுக்கு. சாயங்களில் சில வகைகளில் குரோமியம், செம்பு போன்ற உலோகங்கள் உண்டு, அவை கசடில் தங்கும். கசடையும் அதன் கீழே கொஞ்சம் மண்ணையும் எடுத்து, அனுமதி பெற்ற இடத்துக்கு அனுப்பிவிட்டால் அந்த மூலை தேறும். அனுப்புவது என்றால் சும்மா இல்லை. அபாயக் கழிவுக்கான புதைகிடங்கு பக்கத்தில் இருக்காது, உதாரணத்துக்குக் கும்மிடிப்பூண்டியில் இருப்பது இங்கிருந்து ஏறக்குறைய 500 கிலோமீட்டர். சிமென்ட் ஆலை சூளைக்கு எடுத்துக்கொண்டால் கொஞ்சம் கிட்டத்தில் முடியும், ஆனால் எல்லாக் கசடையும் எடுக்க மாட்டார்கள். தோண்டுகிற கூலியைவிட லாரி வாடகை அதிகம் வந்தால் ஆச்சரியப்படாதீர்கள். ராத்திரியோடு ராத்திரியாக டிராக்டரில் ஏற்றிப் பள்ளத்தில் கொட்டித் தருகிறேன் என்று ஒருவர் கட்டாயம் வருவார். அவரை வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

இந்த 60 சென்ட்டுக்கு வேண்டுமானால் கடன் கணக்கு உட்காரும். ஒரு கணக்குக்கு வைத்துக்கொள்வோம். சுத்தமாக இருந்தால் குடோனுக்கு 3 கோடி போகும் இடம், இப்போது 2 கோடிக்குக் கேட்கிறார்கள், சுத்தம் செய்ய 30 லட்சம். 30 லட்சம் கடன் வாங்கி ஒரு கோடி ஏற்றினால் எந்த வட்டிக்கும் தாங்கும். அமெரிக்கச் சுழல் நிதி நம்ம ஊரில் இருந்தால் இந்த மாதிரி இடங்களுக்குத்தான் பொருத்தம். கோயம்புத்தூரில் முலாம் பூசும் பட்டறை இருந்த சந்துகள், மூடிப்போன பவுண்டரிகள், பெருந்துறை ரோட்டோர ஷெட்டுகள் எல்லாம் இதில் சேரும். நிதி இல்லாத நிலையில், வாங்குகிறவரிடமே பேசிப் பாருங்கள். சுத்தம் செய்யும் செலவை விலையில் கழித்துக்கொண்டு, வேலை முடிந்த ரிப்போர்ட் வந்தபின் மீதித் தொகை என்று கிரய ஒப்பந்தத்தில் எழுதலாம். கிட்டத்தட்ட அதே பலன்தான்.

மீதி 1 ஏக்கர் 80 சென்ட்டும் கிணறும் வேறு விஷயம். அங்கே இருப்பது உப்பு. சாயம் துணியில் ஏற உப்பைக் கிலோ கணக்கில் கொட்டுவார்கள், அது தண்ணீரோடு போய் நிலத்தடியில் கலந்துவிட்டது. குவியல் இல்லை, தோண்டி எடுக்க முடியாது. கிணற்றில் ஆர்.ஓ. போட்டுச் சுத்தம் செய்தால் ஒரு பங்கு இன்னும் கெட்டியான உப்புத்தண்ணியாக மிஞ்சும், அதை எங்கே விடுவீர்கள்? ஜிப்சம் போடச் சொல்லி யாராவது சொல்லியிருப்பார்கள். மண்ணில் சோடியம் பிடித்து இறுகிப்போயிருந்தால் ஜிப்சம் உதவும், ஆனால் பிரித்த சோடியத்தைக் கழுவி விட நல்ல தண்ணீர் வேண்டும். நாம் இருப்பதோ மழை மறைவுப் பகுதி. வெறும் உப்பு மட்டும்தான் பிரச்சினை என்றால் ஜிப்சத்துக்கே வேலை இல்லை. இந்த இடத்துக்குக் கடன் வாங்கினால் விளைச்சலில் திருப்பிக் கட்ட முடியாது. ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி இருப்பதால் விலையும் அந்த அளவு ஏறாது. நான் மதிப்பீட்டுப் பிரிவில் இருந்திருந்தால் நிராகரித்திருப்பேன், அது உங்களுக்குச் செய்கிற நல்லதும்கூட. இந்த மாதிரி விவசாய நிலங்களை மீட்க வேண்டியது கெடுத்தவர் பணம், அது இல்லையென்றால் அரசு மானியம். விவசாயி தலையில் கடனாக ஏற்றுவது, அடி வாங்கினவனிடமே மருந்துக்கும் காசு கேட்கிற மாதிரி. அரசு நாளைக்கே ஒரு நிதி தொடங்கினாலும் இந்த இரண்டையும் குழப்பிவிடும் என்பதுதான் என் பயம்.

அப்படி ஒரு நிதி வந்தால் எனக்கு ஆசை ஒன்றுதான். கடன் கொடுத்த அன்றே அது பத்திரப்பதிவில் ஏறட்டும். என்ன மாசு, எவ்வளவு ஆழம், எப்போது எடுத்தார்கள் என்பது வில்லங்கச் சான்றிலேயே வரட்டும். என் அறிக்கையிலிருந்து காணாமல் போன அந்த ஒரு வரிக்கு அப்போதாவது ஒரு கட்டம் கிடைக்கும்.

இந்த மாதம் நீங்கள் செய்ய வேண்டியது, முதலில் சோதனை. வேளாண் துறை மண் பரிசோதனை நிலையத்தில் கொடுத்தால் கார அமில நிலை, உப்பின் அளவு, தழை மணி சாம்பல் சத்து வரும். தோட்டப் பகுதியின் உப்பைத் தெரிந்துகொள்ள அது போதும், செலவும் பெரிதாக இல்லை. கிணற்றுத் தண்ணீரையும் சேர்த்துக் கொடுங்கள். தொட்டி மூலைக்கு அது போதாது. அங்கே கன உலோகம் பார்க்கும் அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தில், கசடு தனியாக, அதன் கீழே ஒரு அடி, மூன்று அடி ஆழத்து மண் தனியாக என்று கொடுங்கள். மேல் மண்ணை மட்டும் சுரண்டிக் கொடுத்துவிட்டு ஒன்றுமில்லை என்று திரும்பி வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். மாமனார் போட்ட வாடகை ஒப்பந்தம், மின் இணைப்பு யார் பேரில் இருந்தது, வாரியத்தின் அனுமதிக் கடிதம் எது கிடைத்தாலும் ஒரு கவரில் போட்டு வையுங்கள். அப்பட்டறையை நடத்தியது மாமனார் அல்ல என்று காட்ட அவைதான் சாட்சி. சுற்றுச்சூழல் வழக்குகளை விசாரிக்கும் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தில் நிவாரணம் கேட்க, பிரச்சினை எழுந்த நாளிலிருந்து ஐந்து வருஷம் என்று கெடு உண்டு. 2011-ல் மூடியதற்கு அது தாண்டிவிட்டதா, கசிவு இன்றும் தொடர்கிறது என்று வாதாட முடியுமா என்பதை ரிப்போர்ட் கையில் வந்தபின் ஒரு வக்கீலிடம் கேளுங்கள். ஆட்சியரிடம் புதிய விதிகளின்படி மனுக் கொடுப்பதும் ரிப்போர்ட்டோடு போனால்தான் எடுபடும்.

தோட்டத்தைச் சும்மா போடவும் வேண்டாம். அந்தக் கிணற்றுத் தண்ணீரை மட்டும் பாய்ச்சாதீர்கள், பாய்ச்சப் பாய்ச்ச உப்புதான் மேலே சேரும். தோட்டத்து மண்ணையும் அந்த உலோக ஆய்வகத்தில் கொடுத்து, உலோகம் இல்லை என்று வந்தால், நம்ம காங்கயத்துப் பழைய வழக்கப்படி கொறங்காடாக, அதாவது வேலி போட்ட மேய்ச்சல் காடாக விட்டுக் கொழுக்கட்டைப்புல்லைத் தூவி, மழையை மட்டும் நம்பி நாலு மாடு மேய விடுங்கள். வருமானம் சொற்பம்தான், ஆனால் அதற்குக் கடன் வேண்டியதில்லை.

தொட்டி மூலை ரிப்போர்ட் வந்ததும் குரோமியம், செம்பு இரண்டும் எந்த ஆழத்தில் எவ்வளவு என்று மட்டும் எழுதுங்கள். எத்தனை லோடு எடுக்க வேண்டியிருக்கும் என்று அதை வைத்துச் சேர்ந்தே கணக்குப் போட்டுவிடலாம்.